பகாங் பணம் கொடுத்த கப்பலும் சாக முடியாத கப்பல்களும்

(தானா ராத்தாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் இலக்கியம் பேசினார்கள், தோட்ட வரலாறு பேசினார்கள். நான் போர்க்கப்பலைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் அமைப்பாளர் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் மேலே, கொழுந்து பறிக்கிற ஊரில் கப்பலுக்கு என்ன வேலை என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் இந்த ஊர் உள்ள கேமரன் மலை இருப்பது பகாங் மாநிலத்தில். பகாங்குக்குத் தென்சீனக் கடல் ஓரமாக நீண்ட கரை உண்டு. ஒரு போர்க்கப்பலுக்குப் பணம் கொடுத்த வரலாறும் உண்டு.

1912-ல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்ற நான்கு மாநிலங்கள் சேர்ந்த கூட்டரசு, பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு முதல்தரப் போர்க்கப்பலைப் பரிசாகக் கொடுப்பது என்று முடிவு செய்தது. செலவு ஏறத்தாழ 30 லட்சம் பவுன். அன்று இந்த மலையில் தேயிலை கிடையாது. வில்லியம் கேமரன் 1885-ல் இங்கே நில அளவை செய்துவிட்டுப் போனதோடு சரி. போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-ல்தான். பணம் கீழ்நாட்டிலிருந்து வந்தது. ஈயத்தின் ஏற்றுமதி வரி, அபின் வருமானம், 1910-ல் விலை உச்சிக்குப் போன ரப்பர், இவைதான் கருவூலத்தை நிரப்பியிருந்தன. பால்மரம் சீவிய தமிழரையோ ஈயம் கழுவிய சீனரையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்கு மாநிலங்களில் கடன்பட்டுக் கிடந்தது பகாங். அதன் பெயரும் கொடையாளர் வரிசையில் ஏறியது.

கப்பலுக்கு 'மலாயா' என்று பெயர் வைத்தார்கள். 1915 மார்ச்சில் இங்கிலாந்தின் டைன் ஆற்றில் இறங்கியது. அடுத்த ஆண்டு மே 31 அன்று ஜட்லாண்ட் கடற்போரில் ஜெர்மன் குண்டுகள் எட்டு அதன்மேல் விழுந்தன. வெடிமருந்து தீப்பற்றி அறுபதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். அந்தப் போரில் அது கூட்டரசு மலாய் மாநிலங்களின் கொடியையும் பறக்கவிட்டிருந்தது: வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு பட்டை, நடுவில் பாயும் புலி. வடகடல் பனியில் அந்தப் புலியைப் பார்த்த ஜெர்மானியர் எந்த நாட்டுக் கொடி என்று குழம்பியிருந்தால் வியப்பில்லை. 1922-ல் ஒட்டோமான் பேரரசின் கடைசிச் சுல்தானை இஸ்தான்புல்லிலிருந்து ஏற்றிச் சென்றதும் இதே கப்பல். மலாய்ச் சுல்தான்கள் கொடுத்த கப்பல் துருக்கிச் சுல்தானை அகதியாகக் கொண்டுபோனது வரலாற்றின் விளையாட்டு.

1948-ல் ஸ்காட்லாந்தில் ஃபாஸ்லேன் என்ற இடத்தில் உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். பெயர் மட்டும் இந்தப் பக்கம் திரும்பி வந்தது: சிங்கப்பூர் உட்லண்ட்சில் இருந்த மலேசியக் கடற்படைத் தளத்தின் பெயர் 'கேடி மலாயா'. கடற்படைகளில் கரையிலுள்ள முகாமையும் கப்பல் என்றே பதிவார்கள். ஃபாஸ்லேனோ, இன்று பிரிட்டனின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களுக்குத் தாய்த்துறை.

இப்போது நம் கரைக்கு வருவோம். 1941 டிசம்பர் 10, குவாந்தானுக்குக் கிழக்கே 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டார்கள். கரையில் துரைமார் கைவிட்டுப் போன தோட்டங்களில் நம்மவர்கள் பட்ட பாட்டின் தொடக்கம் அந்தப் பகல்தான். அதை நீங்கள் உங்கள் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். நான் சொல்ல வருவது வேறு. அந்த இரண்டு பெயர்களும் கடலடியில் தங்கவில்லை. இன்றைய பிரிட்டனின் புதிய விமானந்தாங்கிக் கப்பலுக்கு 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்று பெயர். அதைக் கடற்படையில் சேர்த்த நாள் 2019 டிசம்பர் 10. பழைய கப்பல் மூழ்கிய அதே தேதியை வேண்டுமென்றே எடுத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

'ரிபல்ஸ்' என்ற பெயர் போன இடம் இன்னும் விசித்திரமானது. 1967-ல் இங்கிலாந்தின் பாரோ கப்பல்கட்டும் துறையில் ஓர் அணுசக்தி நீர்மூழ்கிக்கு அதை வைத்தார்கள். 16 போலாரிஸ் ஏவுகணைகள் சுமந்த கப்பல். அதன் உடன்பிறப்புகள் ரெசல்யூஷன், ரினவுன், ரிவெஞ்ச். எல்லாம் பழைய போர்க்கப்பல்களின் பெயர்கள், எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குபவை. ஒரு வகுப்புக் கப்பல்களுக்கு ஒரே முதலெழுத்து என்பது பிரிட்டிஷ் வழக்கம். பழைய கப்பல் பெற்ற போர் விருதுகளும் பெயரோடு புதிய கப்பலுக்கு வந்து சேரும். கப்பல் போனாலும் பெயர் அடுத்த உடலுக்குள் புகுந்துகொள்ளும் என்பதுதான் இந்த மரபின் அடிப்படை. இன்று நான் சொல்ல நினைப்பது, அணு உலை வந்த பிறகு இந்த மரபு எப்படிக் கோணிக்கொண்டது என்பதைத்தான்.

முதல் கோணல்: பெயர் வைக்க அரசியார் வருகிறார், பாட்டில் உடைக்கிறார்கள், வாத்தியம் முழங்குகிறது. அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் பார்க்க முடியாது. ஏவுகணை நீர்மூழ்கி ரோந்துக்குப் போகும்போது வெளியுடலில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. எங்கே இருக்கிறது என்பது கரையில் ஒரு சிலரைத் தவிர யாருக்கும் தெரியாது. கப்பலுக்குள்ளேயே பெரும்பாலோருக்குத் தெரியாது. பழைய ரிபல்ஸ் துறைமுகங்களில் போய் நின்றதே பெயரைக் காட்டத்தான். புதிய ரிபல்ஸ் தன் பெயரை மறைப்பதையே தொழிலாகக் கொண்டது.

உள்ளே வாழ்க்கை எப்படி? ஒரு கப்பலுக்கு 143 பேர், அதுவும் இரண்டு அணி. ஓர் அணி கடலில் இருக்கும்போது மற்றது கரையில். திரும்பி வந்ததும் அடுத்த அணி ஏறிக்கொள்ளும். கப்பலுக்கு ஓய்வு மிகக் குறைவு. அணு உலைக்குப் பல ஆண்டுகளுக்கு எரிபொருள் போட வேண்டாம். கடல்நீரை வடித்துக் குடிநீர் ஆக்குகிறார்கள். அதே நீரை மின்சாரத்தால் பிரித்து ஆக்சிஜனை மூச்சுக்கு வைத்துக்கொண்டு ஹைட்ரஜனைக் கடலில் விடுகிறார்கள். மூச்சில் வரும் கரியமில வாயுவை ஒரு வேதிக் கரைசல் உறிஞ்சுகிறது. அந்தக் கரைசலின் வாடை, எண்ணெய், சமையல் எல்லாம் கலந்த ஒரு நெடி துணியில் ஏறி, வீட்டுக்கு வந்து துவைத்தாலும் லேசில் போகாது என்று மாலுமிகளின் மனைவிமார் சொல்வதுண்டு. ஆக, காற்றுக்கும் நீருக்கும் எரிபொருளுக்கும் கவலையில்லை. பயணத்தின் நீளத்தைத் தீர்மானிப்பது சோறுதான். புறப்படும்போது இடமில்லாமல் நடைபாதைத் தரையில் டின்களை அடுக்கி அதன்மேல் நடப்பார்கள். தின்னத் தின்னத் தரை தாழும்.

ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு, மறுபடி ஆறு. அமெரிக்க நீர்மூழ்கிகளில் நெடுங்காலம் ஒரு நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் என்றே வைத்திருந்தார்கள். ஆறு மணி வேலை, பன்னிரண்டு மணி மற்றவை. சூரியன் இல்லாத இடத்தில் நாளை எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம் போலும். பிறகு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று இருபத்து நாலுக்கே திரும்பினார்கள். கிழமை எது என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்: பிரிட்டிஷ் கப்பலில் மீன் வந்தால் வெள்ளி. சில நீர்மூழ்கிகளில் இளையவர்களுக்குத் தனிப் படுக்கை கிடையாது; ஒருவன் எழுந்துபோன சூட்டிலேயே அடுத்தவன் படுப்பான். தோட்டத்தில் சங்கு ஊதி, பிரட்டு என்ற காலை ஆள்கணக்குக்கு நின்ற தலைமுறைக்கு இந்த முறை ஒன்றும் புதிதாகத் தோன்றாது; ஆனால் பிரட்டு முடிந்தால் விடிந்துவிடும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது கடிதம்தான். வாரத்துக்கு ஒரு தடவை வீட்டிலிருந்து செய்தி வரும். போலாரிஸ் காலத்தில் முதலில் 40 சொல், பிற்காலத்தில் 120 சொல். குழந்தை நடக்கிறது, கூரை ஒழுகுகிறது, எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அனுப்புமுன் அதிகாரி ஒருவர் படித்துப் பார்ப்பார். பதில் அனுப்ப முடியாது. ஒரு சொல் வெளியே போனால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். புறப்படும் முன் மாலுமியிடம் ஒன்று கேட்பார்கள்: உன் வீட்டில் சாவு நடந்தால் உடனே சொல்ல வேண்டுமா, திரும்பி வந்த பிறகு சொல்லலாமா? பலர் பிறகு சொல்லுங்கள் என்றே எழுதிக்கொடுப்பார்கள். தெரிந்தாலும் திரும்பி வர முடியாது அல்லவா. அப்பன் செத்து இரண்டு மாதம் கழித்துத் துறைமுகத்தில் இறங்கியதும் பாதிரியார் காத்திருந்து சொல்வார். அண்மைக் காலத்தில் பிரிட்டிஷ் ரோந்துகள் ஐந்து மாதத்தைத் தாண்டுகின்றன. கப்பல்கள் பழசாகி, மாற்றுக் கப்பல் தயாராகத் தாமதம். அதற்கு விலை கொடுப்பவர்கள் உள்ளே இருப்பவர்களும் வீட்டில் இருப்பவர்களும்.

அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் வேறு உலகம். ஐயாயிரம் பேர், தபால் நிலையம், மருத்துவமனை, முடிவெட்டும் கடை, நள்ளிரவிலும் ஒரு வேளைச் சாப்பாடு. இத்தகைய கப்பல்களை நாம் பார்த்திருக்கிறோம். 2007 ஜூலையில் அமெரிக்காவின் 'நிமிட்ஸ்' சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டது; இடதுசாரிகள் எதிர்த்தார்கள், அமெரிக்க மாலுமிகள் கரையேறித் தொண்டு வேலை செய்தார்கள். 2024 நவம்பரில் 'ஆபிரகாம் லிங்கன்' போர்ட் கிள்ளானுக்கு வந்தது. ஆனால் நமக்கு முக்கியமான வருகை, வராமல் கடந்துபோன ஒன்று. 1971 டிசம்பர் நடுவில், வங்கப் போர் நடந்துகொண்டிருந்தபோது, எட்டு அணு உலைகள் கொண்ட 'என்டர்பிரைஸ்' மலாக்கா நீரிணை வழியாக வங்காள விரிகுடாவுக்குப் போனது. அதற்கு ஏறத்தாழ இரண்டரை வாரம் முன்புதான், நவம்பர் 27 அன்று, கோலாலம்பூரில் கூடிய ஆசியான் நாடுகள் இந்த வட்டாரத்தை அமைதி, சுதந்திரம், நடுநிலை மண்டலம் என்று அறிவித்திருந்தன. மை காயவில்லை.

அப்போது மலேசியக் கடற்படைக்குத் தலைவர் யார் தெரியுமா? கே. தனபாலசிங்கம். 1967 டிசம்பரில், முப்பத்தொரு வயதில் அந்தப் பொறுப்புக்கு வந்தார். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய அதிகாரிகளுக்குப் பிறகு அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் மலேசியர் ஒரு தமிழர். இந்த விஷயத்தை நம் தமிழ்ப்பள்ளிகளில் போதுமான அளவு சொல்லிக் கொடுப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அவர் காலம் தொட்டு நம் கடற்படையின் பெயர்களைப் பார்த்தால் ஒரு நாடு தன்னைத் தேடுவது தெரியும். முதல் 'ஹங் துவா' பிரிட்டனின் பழைய போர்க்கப்பல். அது போன பின் வந்த இரண்டாவது 'ஹங் துவா' கானாவின் நிக்ருமாவுக்காகக் கட்டப்பட்டது. அவர் ஆட்சி கவிழ்ந்த பிறகு பிரிட்டனே எடுத்துக்கொண்டு 'மெர்மெய்ட்' என்று வைத்திருந்ததை நாம் வாங்கினோம். 'ஹங் ஜெபாட்' என்று பெயர் குறித்த இன்னொரு கப்பல், நம் கைக்கு வருமுன்பே 'ரஹ்மாட்' ஆகிவிட்டது. ராஜாவை எதிர்த்து நின்றவன் பெயரை அரசக் கப்பலுக்கு வைப்பதா என்ற தயக்கம் இருந்திருக்கும் என்பது என் ஊகம். பிறகு ஒரு புதிய கப்பல் வந்தபோது 'ஜெபாட்' என்றே வைத்துவிட்டார்கள். 2009-ல் பிரான்சிலிருந்து வந்த முதல் நீர்மூழ்கிக்கு 'துங்கு அப்துல் ரஹ்மான்', அடுத்ததற்கு 'துன் ரசாக்'. இரண்டும் டீசலில் ஓடுபவை. அணு உலைக்கும் நமக்கும் சம்பந்தமில்லை.

அமெரிக்காவில் நீர்மூழ்கிகளுக்கு மீன்களின் பெயர் வைத்தது ஒரு காலம். பிறகு நகரங்களின் பெயருக்கு மாறினார்கள். மீன்கள் ஓட்டுப் போடுவதில்லை என்று அணுக் கடற்படையின் தந்தை ரிக்கோவர் சொன்னதாகச் சொல்வார்கள். கப்பல் பெயர்களைப் பற்றி இதைவிட நேர்மையாக யாரும் பேசியதில்லை.

இந்தியாவுக்கு வருகிறேன். இந்தியக் கடற்படையும் நம் கடற்படையும் பிரிட்டிஷ் கடற்படையின் வயிற்றில் பிறந்தவை. பெயர் வைக்கும் முறையையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டன. எடுத்துக்கொண்டு என்ன செய்தன என்பதுதான் வேடிக்கை. லூமுட்டில் கட்டி 2017-ல் பெயர் சூட்டிய போர்க்கப்பலுக்கு 'மகாராஜா லேலா'. பேராக் ரெசிடென்ட் பர்ச் கொலைக்காக 1877-ல் பிரிட்டிஷார் தூக்கிலிட்டவர் அவர். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படைத் தளத்துக்கு 'ஐஎன்எஸ் கட்டபொம்மன்'. 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவர். நம் தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் சிவாஜியின் கட்டபொம்மனைப் பார்க்காத குடும்பம் இருந்திருக்காது. அந்தப் பெயர் இப்போது என்ன செய்கிறது? கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு உத்தரவு அனுப்புகிறது.

சாதாரண வானொலி அலை நீருக்குள் போகாது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைதான் சில மீட்டர் ஆழம் இறங்கும். அதை அனுப்ப மிக உயரமான கம்பங்கள் வேண்டும். விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் நிலையத்தில் அவற்றின் உயரம் ஏறத்தாழ 470 மீட்டர். பனங்காட்டுச் சமவெளியில் அவை எழுந்து நிற்கின்றன. இதிலும் பேச்சு ஒருவழிதான்; நீர்மூழ்கி கேட்கும், பதில் சொல்லாது. யாருக்கும் பணிந்து பதில் சொல்ல மறுத்தவர் என்று நாம் நினைக்கும் ஒருவர் பெயரை, கேட்டு நடக்கச் சொல்லும் நிலையத்துக்கு வைத்திருக்கிறார்கள். வைத்தவர்களுக்கு இது தோன்றியதோ இல்லையோ, எனக்குச் சிரிப்பு வருகிறது.

இந்தியாவின் அணுசக்தி நீர்மூழ்கிப் பெயர்களில் 'சக்ரா' ஒரு தனிக் கதை. 1988 முதல் மூன்று ஆண்டு சோவியத் யூனியனிடம் வாடகைக்கு எடுத்த கப்பல் அது. திருப்பிக் கொடுத்தார்கள். 2012-ல் ரஷ்யாவிடம் வேறொன்று எடுத்து அதற்கும் 'சக்ரா' என்றார்கள். அதுவும் 2021-ல் திரும்பிப் போனது. உடல் வாடகை, பெயர் மட்டும் சொந்தம். சொந்த உடல் 2009 ஜூலை 26 அன்று விசாகப்பட்டினத்தில் வந்தது: 'அரிஹந்த்'. அன்றைய பிரதமரின் மனைவி குர்ஷரன் கவுர் தேங்காய் உடைத்தார். 2016-ல் கடற்படையில் சேர்ந்தது. அடுத்தது 'அரிகாட்', 2024.

ஆனால் இந்தக் குடும்பத்தில் மூத்தது அரிஹந்த் அல்ல. திட்ட வரிசையில் அரிஹந்துக்கு எண் இரண்டு. எண் ஒன்று கடலைப் பார்த்ததே இல்லை. அது செங்கல்பட்டுக் கடற்கரையில், கல்பாக்கத்தில் இருக்கிறது. நீர்மூழ்கியின் பின்பாதியை அப்படியே கரையில் கட்டி, உள்ளே 83 மெகாவாட் அணு உலை வைத்து, 2003 நவம்பரில் இயக்கிப் பார்த்தார்கள். அரிஹந்த் இறங்கிய அடுத்த வாரம்தான், 2009 ஆகஸ்ட் தொடக்கத்தில், பத்திரிகையாளரை உள்ளே விட்டு இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். மாலுமிகள் உலையை ஓட்டப் பழகியது அங்கேதான். மணலில் நிற்கும் அந்தப் பாதிக் கப்பலுக்குத் தேங்காய் உடைக்க யாரும் வரவில்லை, பெயரும் வைக்கவில்லை. கரை முகாமுக்குக்கூடக் கப்பல் பெயர் வைக்கும் கடற்படை, உண்மையிலேயே பாதிக் கப்பலாக இருப்பதை எழுத்தாலும் எண்ணாலும் மட்டும் அழைத்தது. 'மலாயா'வுக்கு வரி கட்டிய பால்மரத் தொழிலாளி எனக்கு நினைவுக்கு வருவது இங்கேதான். தமிழன் பங்கு பெரும்பாலும் பெயர்ப்பலகை இல்லாத பாதியில்தான் விழுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது கோணலைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பெயர் அடுத்த உடலுக்குப் போக வேண்டுமானால் முந்திய உடல் போயிருக்க வேண்டும். 'மலாயா' ஃபாஸ்லேனில் உடைந்து இரும்பானது. குவாந்தான் ரிபல்ஸ் கடலடிக்குப் போனது. அங்கும் அதை விட்டுவைக்கவில்லை: போர்க்கல்லறையாகக் கருதவேண்டிய அந்த உடலிலிருந்து வெண்கலத்தையும் இரும்பையும் திருடுகிறார்கள். அணுகுண்டுக்கு முந்திய எஃகில் கதிரியக்கத் தூசி இல்லை, நுண்கருவிகளுக்கு அது அரிது என்று ஒரு காரணம் சொல்வார்கள். எனக்கென்னவோ வெண்கல விசிறிகளின் எடைதான் காரணமாகப் படுகிறது. 2023 மே மாதத்தில் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் ஒரு வெளிநாட்டுக் கப்பலைப் பிடித்தபோது அதில் பழைய பீரங்கிக் குண்டுகள் இருந்தன.

அணுசக்தி ரிபல்சை யாரும் திருட முடியாது. 1996-ல் ஓய்வு பெற்ற அது, உலையோடு, ஸ்காட்லாந்தின் ரோசைத் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. எரிபொருளை எடுத்துவிட்டாலும் உலைப் பகுதியின் கதிரியக்கம் அவ்வளவு எளிதில் தணியாது. அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்யவே பல ஆண்டு ஆகிவிட்டது. பக்கத்திலேயே பிரிட்டனின் முதல் அணு நீர்மூழ்கி 'டிரெட்நாட்' கிடக்கிறது. 1967-ல் ரோசைத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து திரும்பிய கப்பல் அது; போகவர 26,000 கடல் மைலுக்கு மேல் நீருக்கடியிலேயே ஓடியது. 1980-ல் ஓய்வு பெற்றது. அமெரிக்காவின் 'என்டர்பிரைஸ்' 2017-ல் விடைபெற்றும் பல ஆண்டு உடைபடாமல் நின்றது. அதே பெயரில் புதிய கப்பலைக் கட்டத் தொடங்கியாகிவிட்டது.

பிரிட்டனும் காத்திருக்கவில்லை. பாரோ துறையில் இப்போது கட்டிக்கொண்டிருக்கும் அடுத்த தலைமுறை ஏவுகணை நீர்மூழ்கிக்கு 2016-லேயே 'டிரெட்நாட்' என்று பெயர் அறிவித்தார்கள். 2030-களின் தொடக்கத்தில் அது பணிக்கு வரும் என்கிறார்கள். ஒரே பெயரில் ஒன்று பிறக்கவில்லை, இன்னொன்று செத்தும் போகவில்லை. கடற்படைப் பெயர்ப் பதிவேட்டில் இதற்கு வழி செய்து வைத்ததாகத் தெரியவில்லை.